பின்சக்கரத்தின் கம்பி

அக்கா,

இன்று காலை உள்பாவாடை நாடா உருவிக்கொண்டு வந்துவிட்டது. கோப்பதற்காக உன் தையல் பெட்டியைத் திறந்தேன். அந்தச் சைக்கிள் ஸ்போக் அதில் இருந்தது. வளைந்த முனையில் நாடாவை முடிந்து, மறு முனையைத் துணிக்குள் விட்டு நீ ஒரே இழுப்பில் கோத்தெடுப்பாய். நீ போய் எட்டு மாதமாகிறது.

தாதருக்கு இன்னும் டிராம் ஓடிக்கொண்டிருந்த காலம். சயானில் பள்ளிக்கூட குமாஸ்தாவாக இருந்தாய். ஒரு நாள் பஸ் கண்டக்டர் உன் பருமனைப் பார்த்து, "பாயீ, தோ டிக்கெட்!" என்று இரண்டு விரலைக் காட்டினான். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து மாதுங்காவிலிருந்து நடந்தே போனாய். முழங்கால் வீங்கியது. சின்ன வயதில் கற்ற சைக்கிள் மறக்கவில்லை என்றாய்.

"நீ காலேஜிலேர்ந்து வர்ற வழிதானே, பாத்து வாங்கிண்டு வா. பால்காரன் வண்டி மாதிரி கெட்டியா இருக்கணும். ரெண்டு கேன் ஏத்தற சக்கரம் என்னை ஏத்தாதாடி? நான் தளும்பக்கூட மாட்டேன்."

கிங்ஸ் சர்க்கிள் பஸ் நிறுத்தத்தை ஒட்டியிருந்தது கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்.

"கனத்த ஆளுன்னா பின்சக்கரத்துக்குப் பால்வண்டி ரிம்மும் தடிச்ச ஸ்போக்கும் போட்டுத் தாரேன்க்கா. பாக்க முரடா இருக்கும், ஆனா அசையாது. ஓட்டப்போறது யாரு?"

உரத்த குரல். பஸ்ஸுக்காக நின்றிருந்த என் மாணவிகள் இருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன்.

"ஒங்களுக்கா? ஒங்க எடைக்கு ரெண்டு டியூப்பும் காத்தும் போதுமே! இந்த லேடீஸ் வண்டியே சாஸ்தி."

மாணவிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பளுவைச் சக்கரத்தின் கம்பிகள் எப்படித் தாங்குகின்றன என்று வகுப்பில் கரும்பலகையில் படம் போடுகிறவள் நான். கடைக்காரர்கள் பேச்சை லேசில் நம்பாதவள் என்ற பெயரும் எனக்கு உண்டு. கனத்த ஆளுக்குத் தடித்த ஸ்போக் வேண்டும் என்று அவர் சொன்னதை நம்பினேன். ஆனாலும் அந்த லேடீஸ் வண்டியையே வாங்கி வீட்டுக்கு வந்து, "இருக்கறதிலேயே கெட்டி இதுதான்" என்றேன்.

பதினேழு நாள் ஓட்டினாய். யாருமில்லாத தெருவிலும் மணியடித்தாய். பதினெட்டாம் நாள் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பின்சக்கரம் பொரித்த அப்பளமாக நெளிந்துவிட்டது. சீட்டைத் தூக்கிப் பிடித்து, முன்சக்கரத்தில் உருட்டியபடி வீடு வந்து சேர்ந்தாய். அறுந்த ஸ்போக் ஒன்று கையில் இருந்தது.

உன் முட்டிக்கு டிஞ்சர் தடவினேன். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இருக்கறதிலேயே கெட்டியானதே தாங்கலேன்னா, கோளாறு எங்கிட்டதாண்டி."

பஞ்சை இன்னொரு முறை நனைத்தேன்.

அந்த மழைக்காலத்தில் வேலையை விட்டாய். அதன்பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியைக் கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாய். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

நாடாவைக் கோத்துவிட்டேன். கம்பியைத் திரும்பப் பெட்டியில் வைக்க மனம் வரவில்லை. கைப்பையில் போட்டுக் காலேஜுக்கு எடுத்து வந்திருக்கிறேன். இரண்டு விரலால் அழுத்தினாலே வளைகிறது, அத்தனை மெல்லிசு.

கெட்டியான சக்கரம் அந்தக் கடையிலேயே இருந்தது, அக்கா. யாருக்கு என்றுதான் கேட்டார். என் அக்காவுக்கு என்று சொல்ல வெட்கப்பட்டேன்.