ஒரு மூடி அரிஷ்டம்

காசிமேடு,
வியாழன்

அன்புள்ள ஜானட்,

நேற்று ஒரு மூடி அரிஷ்டம் குடித்துவிட்டேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீயும் பிள்ளை ஜூடியும் சுகம்தானே? உன் இருமல் நின்றதா?

குடியை விட்ட நாற்பத்தோரு நாளும் தோள், முழங்கால், தாடை என்று வலி இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. குடி விட்ட உடம்பு சில காலம் இப்படித்தான் படுத்தும் என்றார் டாக்டர். கடையில் கயிறு தூக்கும் டில்லிபாபு நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டான்.

"இன்னா நைனா, கெய்வன் மாரி நடந்துகினு கீற? அரிஷ்டம் ஒரு மூடி உடு, வலி பறந்துடும். சரக்கு இல்ல, மருந்துபா!"

கயிற்றைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதவன், அவன் நீட்டிய இதை அப்படியே குடித்தேன். தொண்டையில் இறங்கும்போதே வலி விட்டது. அந்த நிம்மதி எனக்குப் பழக்கமானது, ஜானட். பயந்துபோய் லேபிளைப் படித்தேன்; பொடி எழுத்தில் ஆல்கஹால் என்று இருந்தது. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினேன்.

"பேஜாரு புடிச்ச ஆளுய்யா நீ!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

பழைய கம்பளியைத் தூத்துக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் போட்டுவிடு, தோளுக்கு வேண்டும். ஜூடியைத் தன் கையால் இரண்டு வரி எழுதச் சொல். அவள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு இனி நான் வர முடியாது. லோடு வந்துவிட்டது, முடிக்கிறேன்.

தொண்ணூறு நாள் தொடாமல் இருந்தால்தான் வீட்டு வாசல், ஒரு சொட்டு தொட்டாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்பது நம் பேச்சு. மருந்துதானே என்று தள்ளுபடி கேட்கமாட்டேன். இன்று முதல் நாள்.

கஸ்பார்