சிவப்புப் பெட்டியில் நல்ல கோதுகள்

இன்று காலை குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினேன். கை கழுவிய பிறகும் பித்தளை மணம் விரல்களை விட்டுப் போகவில்லை. உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை.

இந்த மணத்தோடுதான் நாம் இருவரும் மொன்றியலுக்கு வெளியே, லவாலுக்கு அப்பாலிருந்த அந்தப் பட்டறையிலிருந்து வீடு திரும்புவோம். துப்பாக்கி ரவைகளுக்கு வெற்றுக் கோது, அதாவது பித்தளை உறை, செய்யும் இடம். மருந்து அடைப்பது வேறெங்கோ. எந்த நாட்டுச் சண்டைக்குப் போகிறது என்று நமக்கு யாரும் சொன்னதில்லை. ஒவ்வொரு கோதையும் விளக்கின் கீழ் உருட்டிப் பார்ப்பது நம் வேலை. வாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் சிவப்புப் பெட்டி, இல்லையென்றால் தட்டு. யாழ்ப்பாணத்தில் வங்கி உத்தியோகம் பார்த்தவள் நான். கணவர் இறந்து, பிள்ளைகளோடு மொன்றியலுக்கு வந்த எனக்குக் கிடைத்தது இதுதான். கிடைத்ததைத் திருத்தமாகச் செய்தேன்.

"என்னக்கா, கொன்வென்டில மதர் உங்கட தையலைப் பார்த்த மாதிரியெல்லோ பாக்கிறியள்" என்று நீர் சிரிப்பீர்.

"பிழையான ஒண்டு போனால் சுடுறவன்ர முகத்திலதான் வெடிக்கும்" என்றேன் ஒருநாள்.

"சரியான ஒண்டு போனால்?"

கேட்டுவிட்டு நீர் உம்முடைய விளக்கின் பக்கம் திரும்பிவிட்டீர்.

உம்முடைய மூத்த மகன் மட்டக்களப்பில், கடைக்குப் போன இடத்தில் சூடுபட்டு இறந்தவன். இளையவன் ஊரில் உம்முடைய தமக்கையிடம் இருந்தான். அவனை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுக்கத்தான் நீர் அந்த வேலைக்கு வந்தீர். நிரந்தர வேலை இருந்தால்தான் அந்த அலுவல் நகரும்.

அப்படியிருந்தும் உம்முடைய சிவப்புப் பெட்டியில் நல்ல கோதுகள் விழத் தொடங்கின. பக்கத்தில் இருந்த என் கண்ணுக்குத் தப்புமா?

"உமக்கென்ன விசரே? அந்தப் பெட்டியில இருக்கிறதை உருக்கித் திரும்பவும் கோதுதான் செய்யிறாங்கள்."

"தெரியும் அக்கா. உருகிற நேரத்துக்கு எண்டாலும் பிந்தட்டும்."

"மகன்ர அலுவல்?"

நீர் அடுத்த கோதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லாத அதையும் சிவப்புப் பெட்டிக்குள் போட்டீர்.

ஒரு வெள்ளிக்கிழமை மேற்பார்வைக்காரி உம்முடைய பெட்டியை மேசையில் கொட்டினாள். சத்தம் போடவில்லை. "மெர்சி, மதாம்" என்று பிரெஞ்சில் நன்றி மட்டும் சொல்லிக் கதவைக் காட்டினாள். குளிர்கோட்டை மாட்டிக்கொண்டே நீர் என் காதோடு சொன்னீர்: "மகனுக்கு ஒருநாளும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. தன்னை விட ஊர்பேர் தெரியாத பிள்ளையள் எனக்குப் பெரிசாப் போச்சுதோ எண்டு நினைப்பான்."

பிறகு ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கினீர். அதுவும் நிலையான வேலையாக இருக்கவில்லை. அலுவல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. கடைசியில் மகன் ஊன்றுகோலோடு வந்தான். காத்திருந்த காலத்தில் ஊரில் விழுந்த ஷெல் குண்டு ஒன்று அவனுடைய வலக்காலைக் கொண்டுபோயிருந்தது. விமானநிலையத்தில் நீர் அவனுடைய முகத்தை மட்டுமே பார்த்தீர். குனிந்து பார்க்க உம்மால் முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அந்தியேட்டி அன்று, பியர்பொன்ட்ஸில் உம்முடைய வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பின், மகன் என் பக்கத்தில் வந்து இருந்தான்.

"அன்ரி, அம்மா ஏன் அந்த நல்ல வேலையை விட்டவ? கேட்டால் வாயே திறக்கமாட்டா. அது இருந்திருந்தா நான் ரெண்டு காலோட வந்திருப்பன்."

கோபமாகக் கேட்டிருந்தால் அதட்டியிருப்பேன். அவன் மெதுவாகத்தான் கேட்டான்.

"அம்மா விடேல்லைத் தம்பி. பட்டறையில ஆக்களைக் குறைச்சவை."

அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தான். "அப்ப அம்மாவில பிழையில்லை" என்றான்.

"ஓம்" என்றேன்.

முதலில் சொன்னது பொய். அதை உமக்காகச் சொன்னேன். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த "ஓம்" உண்மையா என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இனி உம்மிடம் கேட்கவும் வழியில்லை.