பாய்மரத்தில் கிரீஸ்

மே 8, புதன்

இந்தப் படகுக்கு உப்புத்தாள் தேய்ப்பவள் நான். பெயிண்ட் அடிப்பவள், பாயை அலசிக் காயப்போடுபவள், எல்லாம் நான்தான். பிறகு ஏன் சுக்கானை மட்டும் ஒருமுறைகூடப் பிடித்ததில்லை?

"நீ கயித்தைப் பிடிச்சா போதும்" என்பார் என் வீட்டுக்காரர். கரையில் பால் பாக்கெட் வாங்கக்கூட என்னைக் கேட்கிற மனிதர். படகில் ஏறியதும் கேப்டன் குரல் வந்துவிடும்.

மே 10, வெள்ளி

நாளை எதிர்க்கரைக்குப் பயணம். இரவு அங்கே விடுதியில். பாய் ஏறி இறங்குவதற்காகப் பாய்மரத்தில் வெட்டியிருக்கும் நீளப் பள்ளத்தை, அதான் காடியை, கழுவலாம் என்று போனேன். பாய்மரம் முழுக்க கிரீஸ்!

"நான்தான் போட்டேன். இனிமே வெண்ணெய் மாதிரி வழுக்கும் பாரு."

"அதுல மணல் வந்து ஒட்டிக்குமே. நல்ல தண்ணியில கழுவி மெழுகு தேய்ச்சா போதும்."

"படிச்சவங்களோட இதான் தொல்லை."

நான் படித்தது பொருளாதாரம். கழுவ விடவில்லை.

மே 11, சனி

கோபத்தில் எழுத்து கோணுகிறது.

கரை நெருங்கும்போது காற்று ஏறியது. பாயை இறக்கப் போனேன், பாதியில் சிக்கிக்கொண்டது. கிரீஸும் மணலும் சேர்ந்து களி. எதிரே பாறை.

"இழு! நல்லா இழு!"

"வரமாட்டேங்குது! நீங்க வந்து இழுங்க!"

வேறு வழியில்லாமல் சுக்கானை என் கையில் திணித்தார். படகின் மூக்கைக் காற்றுக்கு நேரே திருப்பினேன். பாய் படபடத்துத் தளர்ந்தது. அவர் தொங்கி இழுத்து இறக்கினார். உடனே, "நகரு."

நகர்ந்தேன். ஏன் நகர்ந்தேன்? சே!

விடுதிக்காரரிடம் சொல்கிறார்: "இவ பயந்துட்டா. நான் இருந்ததால தப்பிச்சோம்." — சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். எழுந்துபோய் மண்ணெண்ணெயும் சோப்பும் போட்டுக் காடியைக் கழுவினேன்.

நாளை காலை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும்: திரும்பும்போது நான்தான் ஓட்டுவேன்.

மே 12, ஞாயிறு

சொல்லவில்லை. அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது கயிற்றை அவிழ்த்தேன், பாயை ஏற்றினேன், புறப்பட்டேன். டம்ளரும் கையுமாக ஓடிவந்தார்.

"ஏய், நில்லு! நில்லு!"

"இதுக்கு பிரேக் இல்லீங்க!"

துறைக்கு வெளியே இருந்த மிதவையைச் சுற்றிக்கொண்டு, அவரை ஏற்றிக்கொள்ளத் திரும்பினேன். படகுத்துறையில் உரசிவிட்டது.

"போச்சு, பெயிண்ட் போச்சு."

"நான் அடிச்சதுதானே. நானே அடிச்சுக்கறேன்."

டம்ளரைத் துறையில் வைத்தார். பிறகு ஏறி, முன்பக்கம் கயிற்றருகே உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் உத்தரவு. ஒன்றிரண்டு சரியாகவே இருந்தன; அவற்றை மட்டும் கேட்டேன்.