அறுநூறு துளை

ஜூன் 9
பெரியப்பா இன்று விஞ்ஞானி ஆகிவிட்டார். மாடியில் விழும் மழையை மண்ணுக்குள் இறக்க, எங்கள் அறைச் சுவரை ஒட்டிக் குழி வெட்டித் துளைக்குழாய் பதிக்கப் போகிறார். ஒரு துளையில் கொட்டும் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தார். இருபது வினாடிக்கு ஒரு லிட்டர். மொத்தம் அறுநூறு துளை.

"வினாடிக்கு முப்பது லிட்டர். கடலே வந்தாலும் குடிச்சிரும்."

கொத்தனார் தலையாட்டினார். பெரியம்மா ஆட்டினாள். நானும் ஆட்டினேன், த்தூ.

துளை எவ்வளவு கொட்டினால் என்ன? மண் குடிப்பதுதானே கணக்கு? அது வழவழ களிமண்.

ஜூன் 10
எங்கள் அறை முற்றத்தைவிடத் தாழ்வு. குழி நிரம்பினால் தண்ணீர் இங்கேதான் வரும். மாவுக்கட்டுக் காலோடு அம்மா தரையில் படுத்திருக்கிறாள். சொன்னேன்.

"வாய மூடிட்டு இருடி. அவர் வீட்டுல இருக்கோம். வெளிய போங்கன்னா எங்க போறது?"

ஜூன் 12
பெரியப்பா வெளியே போயிருந்தார். குழியின் அடியில் சின்னப் பள்ளம் தோண்டித் தண்ணீர் ஊற்றினேன். குச்சி நட்டு, பென்சிலால் கோடு, பக்கத்தில் நேரம். ஒரு மணி நேரத்தில் ஒரு சாண் இறங்கிவிட்டது. அந்த ஆள் சொன்னது சரியா? அவமானமாக இருந்தது.

மறுபடி ஊற்றினேன். நாலு விரல். மூன்றாவது தடவை ஒரே விரல். காய்ந்த மண் தாகத்தில் குடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

நேரில் சொல்லத் தைரியம் இல்லை. குச்சியை அங்கேயே விட்டு வந்தேன்.

ஜூன் 13
வாசலில் பெரியப்பாவின் செருப்புச் சத்தம். எழுதியது போதும்.

ஜூன் 14
"எவன்டா குழியில குச்சி நட்டது?" கொத்தனார் தானில்லை என்றார். பெரியப்பா கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். என் எழுத்து அவருக்குத் தெரியுமே. என்னை ஏன் கேட்கவில்லை?

ஜூன் 17
பழைய குழியை மூடியாயிற்று. கேட் பக்கம் மூன்று மடங்கு பெரிய குழி. நிரம்பினால் தெரு வடிகாலுக்குப் போக ஒரு குழாய். குழித் தண்ணீரின் மட்டம் பார்க்கச் செங்குத்தாக ஒரு குழாய், மூடியோடு.

சாப்பிடும்போது, "மண்ண சோதிக்காம நான் எதையும் செய்றதில்ல," என்கிறார். வெட்கம் கிடையாதா? பெரியம்மா தலையாட்டினாள். நான் ஆட்டவில்லை.

ஜூன் 21
நேற்று முழுக்க மழை. அறை காய்ந்தே இருக்கிறது. அம்மா நன்றாகத் தூங்கினாள்.

இன்று மட்டக்குழாயின் மூடியைத் திறந்தேன். உள்ளே என் குச்சி. நாலாவதாக ஒரு கோடு, கொத்தனார் வைத்திருக்கும் சிவப்புப் பென்சிலில், கோணலாக. பெரியப்பாதான் மழையில் நனைந்துகொண்டு போட்டிருப்பார்.

பக்கத்தில் நேரம் எழுதவில்லை. நேரம் இல்லாத கோட்டை வைத்து என்ன செய்வது?

எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று நாளை சாப்பிடும்போது கேட்பேன். எல்லார் முன்னாலும்.