கடலைத்தோலுக்கு ஒரு பக்கம்

வியாழக்கிழமை மதியம் திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி ஒருமுறை சிணுங்கியது. நான் கவனித்துவரும் பக்கம் ஒன்று புதிதாகத் தொடங்கப்பட்டிருப்பதாக இணையக் கலைக்களஞ்சியத்திலிருந்து மின்னஞ்சல். பக்கத்தின் தலைப்பு, கடலைத்தோல். பஸ் வந்தது, போனது, நான் ஏறவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன்னால் நான் ஆசையாக எழுதி, நீ அழிக்கச் சொல்லி, அழிந்துபோன பக்கம் அது. உன்னுடைய ராக் இசைக்குழுவின் பக்கம். நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்ட பிறகு யாரோ அதை மறுபடியும் எழுதியிருக்கிறார்கள்.

நம் சிநேகிதமே இப்படி ஒரு பக்கத்தில்தானே தொடங்கியது. நம் மாவட்டத்துக் குளங்களைப் பற்றி நான் அந்தக் கலைக்களஞ்சியத்தில் எழுதிக்கொண்டிருந்த காலம். ஒரு குளம் கோடையிலும் வற்றாது என்று எழுதியிருந்தேன். மறுநாள் அந்த வரியின் வாலில் "சான்று தேவை" என்று ஒட்டியிருந்தாய். பெயரைப் பார்த்தால் பெண், ஊரைப் பார்த்தால் ஆலங்குடி. நேரிலேயே கேட்டுவிடுவது என்று கிளம்பி வந்தேன். உன் ஜெராக்ஸ் கடையில் சண்டை போட வந்தவள், இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

கடையிலும் நீ அப்படித்தான் இருந்தாய். பட்டா மாற்றவும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்க வருகிற கூட்டத்திடம் ஆதாரம், ஆதாரம் என்று உயிரை வாங்குவாய். உன் அம்மா வருமானச் சான்றிதழுக்கு வந்தபோதுகூட, "ரேசன் கார்டு ஜெராக்ஸ் எங்கம்மா? அதில்லாம வந்து நின்னா நான் என்ன பண்றது?" என்று திருப்பி அனுப்பினாய். அம்மா உன்னைத் திட்டியபடியே வீட்டுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீ வேறு ஆள். ஊருக்கு வெளியே ஒரு கடலை குடோன். தோலுடைக்கிற மெஷினை அன்றைக்கு நிறுத்தி வைத்திருப்பார்கள். நீங்கள் நான்கு பேரும் மூட்டைகளை ஒதுக்கிவிட்டு ஆம்ப்ளிஃபயரை வைப்பீர்கள். நீ பேஸ் கிட்டார். வாசித்து முடிக்கும்போது உன் தலைமுடியெல்லாம் கடலைத் தூசியாக இருக்கும். குழுவுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான்.

ஒரு கோயில் திருவிழாவில் விழாக்கமிட்டிப் பெரியவர் மேடைக்கே ஏறி வந்தது ஞாபகம் இருக்கிறதா? "பாப்பா, சத்தம் நல்லாத்தேன் இருக்கு. மொதல்ல ஒரு சாமி பாட்டப் பாடிட்டு, அப்பறம் இதப் போடுங்க" என்றார். நீங்கள் அம்மன் பாட்டு ஒன்றை உங்கள் பாணியிலேயே வாசித்தீர்கள். முன்வரிசையில் ஒரு பெண்ணுக்கு அருள் வந்துவிட்டது. இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்குமா என்று நான் குதித்தேன். "கெடைக்காதுதான். ஆனா இத எந்தப் பேப்பர்லடி போடுவான்?" என்றாய்.

அந்த ஆசையில்தான் நான் உங்களுக்குப் பக்கம் எழுதினேன். புகழ்பெற்ற, தனித்துவமான, தமிழிசையில் புதுப்பாதை என்று கையில் வந்ததையெல்லாம் போட்டேன். காலையில் எழுதினேன், சாயங்காலம் பக்கத்தின் தலையில் நீக்கல் அறிவிப்பு. வைத்தது நீ! கீழே ஒரு குறிப்பு வேறு: "நான் இந்தக் குழுவில் வாசிப்பவள். அதனால் எனக்கு வாக்கு இல்லை. ஆனால் குழுவுக்கு வெளியே உள்ளவர்கள் எழுதிய சான்று எதுவும் இதில் இல்லை."

உடனே போன் போட்டேன். "ஏன்டி, ஒன் குழுவுக்குன்னு ஒருத்தி உக்காந்து எழுதினா, நீயே அழிக்கச் சொல்றியே. கூறு இருக்கா ஒனக்கு?"

"நீ எழுதினதுதான்டி பிரச்சினையே. ஒங்க வீட்டு நாயக் கேட்டாக்கூட என்னைய நல்லவன்னுதான் சொல்லும். மூணாம் மனுசன் எவனாச்சும் எழுதியிருக்கானா? அதக் காட்டு, நானே அறிவிப்ப எடுத்துடுறேன்."

காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. ஏழு நாள் பேச்சு நடந்தது. வைத்திருக்கலாம் என்று நான் ஒருத்தி, நீக்கலாம் என்று முகம் தெரியாத நான்கு பேர். எட்டாம் நாள் பக்கம் இல்லை. இரண்டு மாதம் உன்னோடு நான் பேசவில்லை. பிறகு பேசினோம், பழையபடி சிரித்தோம். ஆனால் மனதுக்குள் அது முள்ளாகவே இருந்தது. உன் வாசிப்பை நீயே மதிக்கவில்லையே என்ற கோபம். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாட்களில்கூட அதை நான் உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது எழுதியிருப்பவள் மணமேல்குடியைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி. உன்னை அவள் பார்த்ததே இல்லை. கடலுக்குப் போகிற அவளுடைய அண்ணன் போனில் உங்கள் பாட்டுகள் கிடந்தனவாம், கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போனதாம். அவ்வளவுதான் உறவு. அவள் இரண்டு சான்று கொடுத்திருந்தாள். ஒன்று, சிறு ஊர்களின் இசைக்குழுக்களைப் பற்றி யாரோ செய்த ஆய்வேட்டில் ஓர் இயல். மற்றது, நின்றுபோன ஒரு சிற்றிதழில் வந்த இரண்டு பக்க விமர்சனம். அதன் படத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன்.

விமர்சனமா அது! சரியான திட்டு. பாட்டு வரிகள் பரவாயில்லை என்கிறார். பேஸ் மட்டும் நிதானமாக நிற்கிறது என்கிறார். அதற்குப் பிறகு ஒரு பக்கம் முழுக்க டிரம்ஸ் வாசித்த சேகரைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். "தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறார், கடைசிவரை அது அவர் கையில் அகப்படவில்லை" என்று ஒரு வரி. இதழ் வெளிவந்த மாதத்தைப் பார்த்தேன். நாம் சண்டை போட்டதற்கு ஒரு வருடம் முந்தையது.

நீ கேட்ட மூன்றாம் மனிதர் அப்போதே எழுதியிருக்கிறார். அது உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பழைய நீக்கலைக் காட்டி இந்தப் பக்கத்துக்கும் அதற்குள் நீக்கல் அறிவிப்பு வந்துவிட்டது. பக்கம் நிற்க வேண்டுமானால், யார் கையிலும் இல்லாத இந்த விமர்சனத்தை, வைப்பதா நீக்குவதா என்று வாதாடுகிற பேச்சுப் பக்கத்தில் எடுத்துவைக்க வேண்டும். வைத்தால் சேகரைத் திட்டிய வரி என்றைக்கும் அங்கே கிடக்கும். பேசாமல் இருந்தால், ஆய்வேடு ஒன்று மட்டும் போதாது என்று மறுபடியும் அழித்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடிக்கு பஸ் ஏறினேன். சேகர் இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார். வீட்டு வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா, இங்கிட்டு நெழல்ல ஒக்காருங்க" என்று நாற்காலி போட்டார். நான் எப்படித் தொடங்குவது என்று திணறி, கடைசியில் போனில் அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் பார்த்தவுடனே சிரித்துவிட்டார்.

"இதா? சிங்கப்பூர்ல இருக்க மச்சான் அப்பவே அனுப்பிவிட்டான்க்கா. ஒங்க சிநேகிதிகிட்டயும் அந்தப் புத்தகம் ஒண்ணு இருந்துச்சு. ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில, பேப்பர் கட்டோட கட்டா ஒளிச்சு வச்சிருந்தாக. எனக்குத் தெரியாதுன்னு அவுக நெனப்பு. தெரியாத மாதிரியே நானும் இருந்துட்டேன்."

"ஒங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"இல்லாம இருக்குமா? ரெண்டு நாள் சோறு எறங்கல. ஆனா அந்த வாரத்துலேருந்து அவுக ஒரு மணி நேரம் முன்னாடியே வரச் சொன்னாக. 'எனக்குத் தாளம் நிக்க மாட்டேங்குது சேகரு, நீ கூட இருந்து வாசி'ன்னாக. அவுகளுக்கா நிக்காது? ஆறு மாசம் வாசிச்சோம். அப்பறம் போட்ட பாட்டுகளக் கேட்டுப் பாருங்க, நான் ஓடியிருக்கேனான்னு."

அடி கள்ளி! ஊருக்கெல்லாம் சட்டம் பேசிவிட்டு, கையில் இருந்த ஒரே சான்றை நீ ஒளித்து வைத்திருந்தாய். என்னையும் நம்பவில்லை. சரி, நம்பியிருந்தால் நான் சும்மா இருந்திருக்க மாட்டேன், அன்றைக்கே கொண்டுபோய்ப் போட்டிருப்பேன், அது உண்மைதான். ஒரு நண்பனின் மனம் நோகக் கூடாதென்று உன் பெயரோடு இருந்த பக்கத்தையே அழியவிட்டிருக்கிறாய். ஐந்து வருடம் உன்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், அந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். சேகர் பாவம், தண்ணீர் கொண்டுவர உள்ளே ஓடினார்.

"போடுங்கக்கா" என்றார் திரும்பி வந்து. "அப்படியே போடுங்க. ஒண்ணுமில்லாதவனயா ஒருத்தரு உக்காந்து ரெண்டு பக்கத்துக்குத் திட்டுவாரு?"

நீக்குவதா வைத்திருப்பதா என்று நாம் எல்லோரும் பக்கம் பக்கமாக வாதாடுகிற விஷயத்தை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

நான் பேச்சுப் பக்கத்தில் உன் வழியிலேயே எழுதினேன். பேஸ் வாசித்தவரின் சிநேகிதி நான், ஆகவே எனக்கு வாக்கு இல்லை என்று முதலில் சொன்னேன். பிறகு விமர்சனத்தில் இருந்த பாராட்டையும் திட்டையும் கூட்டாமல் குறைக்காமல் எடுத்துவைத்தேன். அந்தப் பெண் எழுதிய பக்கத்தில் ஓர் அலங்காரச் சொல் இல்லை. உனக்குப் பிடித்திருக்கும். போன தடவை நீக்கச் சொன்னவர்களில் ஒருவரே இந்தத் தடவை வந்து, குழுவுக்குச் சம்பந்தமில்லாத இருவர் விரிவாக எழுதியிருக்கிறார்கள், போதும் என்றார். நேற்றுக் காலை முடிவு வந்தது. வைத்திருக்கலாம். அந்தப் பெண்ணுக்குச் செய்தி அனுப்பினேன். "அண்ணன் கரைக்கு வந்ததும் காட்டணும்க்கா" என்று பதில் வந்தது. சேகர் மற்ற இருவரையும் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். குடோன்காரர் அடுத்த ஞாயிறு மூட்டையை ஒதுக்கித் தருகிறேன் என்றாராம்.

ஒன்றே ஒன்று உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உறுப்பினர்கள் என்ற தலைப்பின் கீழ் உன் பெயரும், அதற்குப் பக்கத்தில் "பேஸ் கிட்டார் வாசிக்கிறார்" என்றும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. திருத்தலாம் என்று பெட்டியைத் திறந்து, வாசித்தார் என்று தட்டினேன். என்ன சான்று கொடுப்பது? உன் கையைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தேன் என்பது சான்று ஆகாது. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி சான்று ஆகாது. எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வரவில்லை. தட்டியதை அழித்துவிட்டுப் பெட்டியை மூடினேன்.

இத்தனை வருடமாக எத்தனையோ வரிகளுக்குச் சான்று தேடி அலைந்திருக்கிறேன். இந்த ஒரு வரிக்கு மட்டும் அது யாருக்கும் கிடைத்துவிடக் கூடாது.