யாரு வீட்டு வாத்து இது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அதன் குறைகளை எழுத ஆரம்பித்தால் தனிக் கடிதம் போட வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, நல்லபடியாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். போன வாரம் போனில் பேசும்போது ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒருத்தரிடமும் பேசவில்லை என்று போகிற போக்கில் சொன்னாய் பார், அதிலிருந்து உன் அம்மாவுக்கு எதிலும் மனது ஓடவில்லை. அவள் சொல்லச் சொன்னதெல்லாம் கடைசியில் வருகிறது. முதலில் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு வாரமாக உனக்கு எழுத வேண்டும் என்று கை துடித்துக்கொண்டிருக்கிறது.

சர்ச் கல்வி அலுவலகத்திலிருந்து எனக்கு வந்த உத்தரவுதான் ஆரம்பம். வருகிற வருஷம் ஒண்ணாம் வகுப்பில் ஒரு டஜன் பிள்ளைகளாவது சேராவிட்டால் அந்த வகுப்பைத் திறக்க வேண்டாம் என்று ரொம்ப மரியாதையாக எழுதியிருந்தார்கள். ஒண்ணாம் வகுப்பு இல்லாத ஆரம்பப் பள்ளி எத்தனை நாளைக்கு ஓடும் சொல், அடுத்த வருஷம் இரண்டு இருக்காது, அதற்கடுத்து மூன்று இருக்காது, கடைசியில் தலைமையாசிரியர் என்று நானும் பள்ளிக்கூட மணியும்தான் மிஞ்சுவோம். அப்போது சேர்ந்திருந்தது எட்டுப் பேர். மற்ற வீடுகளுக்கெல்லாம் நானும் சர்ச் ஃபாதரும் சைக்கிளில் நேரில் போய், பள்ளிக்கூடத்தை ஒருநாள் வந்து பாருங்கள், பிடித்தால் சேருங்கள் என்று கூப்பிட்டோம். போன இடத்திலெல்லாம் உபசாரத்துக்குக் குறைச்சல் இல்லை. டீ கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், கூடவே ஒரு கேள்வியையும் கொடுத்தார்கள். உங்க பேத்தி இங்கேதானே சேரப் போகிறாள் சார்? பேக்கரிக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், உங்க வீட்டுப் பிள்ளை சேர்ந்த மறுநாள் எங்க வீட்டுப் பிள்ளையும் வரும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். ஆனால் நம் வீட்டுக் கதை வேறு. உன் தம்பியும் மருமகளும் தங்கள் மகள் பூனைக்குட்டியை டவுனில் பெரிய பள்ளியில் சேர்ப்பதாக முடிவு செய்து மூன்று மாதமாகிறது. மருமகள் வேலை பார்க்கும் வங்கிக்கு எதிரிலேயே அந்தப் பள்ளி. காரணமும் லேசானது இல்லை. பூனைக்குட்டிக்கு நாம் அந்தப் பெயர் வைத்ததே அவள் இருக்கும் இடம் தெரியாமல் இருப்பதால்தானே, வீட்டு ஆட்கள் நாலு பேரைத் தவிர வேறு யாரிடமும் இன்றுவரை வாய் திறந்ததில்லை. சின்ன ஊர்ப் பள்ளியில், அதுவும் தாத்தா தலைமையாசிரியராக இருக்கும் இடத்தில், எல்லோரும் கன்னத்தைக் கிள்ளிப் பேசு பேசு என்று நச்சரித்தே அவளை இன்னும் ஊமையாக்கிவிடுவார்கள் என்று மருமகளுக்குப் பயம். பெற்றவள் பயப்படுவதில் தப்புச் சொல்ல முடியாது. இது விஷயமாக நான் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசினாலும் சோறு கிடையாது என்று உன் அம்மா வேறு என் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். ஆனால் பார்க்க வரும் நாளுக்கு மருமகளையும் கூப்பிட்டது அவளேதான், கூப்பிடாவிட்டால் வித்தியாசமாக நினைப்பாள் என்று எனக்கு ஒரு சமாதானமும் சொன்னாள்.

வருகிறவர்கள் அசந்துபோக வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. சர்ச்சிலிருந்து நல்ல பெஞ்சுகளை மட்டும் பொறுக்கிக் கொண்டுவந்து போட்டோம். சர்ச் பாடகர் குழுவின் பழைய அறையில் நடக்கும் மூன்றாம் வகுப்புக்கு ஜன்னல் கண்ணாடி துடைத்து, ஓரமாகக் கிடக்கும் பழுதான ஹார்மோனியத்துக்குத் துணி போர்த்தி, அதன் மேல் ஒரு பூச்செடியும் வைத்தேன். மிச்சமிருந்தது கழிப்பறை. சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, உனக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. முன்பு ஒரு பிள்ளை உள்ளே போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அலறி, ஃபாதர் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரேறிக் குதித்துக் காப்பாற்றினார், அன்றே தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டோம். வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒன்று செய்து தருகிறேன் என்று தச்சர் சொன்னார். எந்தத் தச்சர் என்று நீயே ஊகித்திருப்பாய், எதைக் கேட்டாலும் நாளைக்கு என்று சொல்லி ஊரெல்லாம் ‘நாளைக்கு’ என்றே பெயர் வாங்கியவர். அவர் வருகிற வழியாக இல்லை என்றதும் பிள்ளைகளே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். உள்ளே போன பிள்ளை, யாரு வீட்டு வாத்து இது, யாரு வீட்டு வாத்து என்று பாட வேண்டும். வெளியே வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து, எங்க வீட்டு வாத்துதான், எட்ட நில்லு பாத்து என்று பதில் பாட வேண்டும். ஆள் இருப்பதும் தெரியும், உள்ளே இருப்பதற்குப் பயமும் இருக்காது. யார் கட்டிய பாட்டு என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எனக்குப் பழகிவிட்டது, ஆனால் புதிதாக வருகிறவர்கள் கழிப்பறையில் கச்சேரி நடக்கும் பள்ளிக்கூடம் என்றல்லவா நினைப்பார்கள். அதனால் அவர்கள் வருவதற்கு முந்தின நாள் பிரார்த்தனை முடிந்ததும் நாளைக்கு ஒருத்தரும் பாடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இவ்வளவு புத்திசாலித்தனமான காரியத்தை உன் அப்பாவைத் தவிர வேறு யாரால் செய்ய முடியும்.

அன்றைக்கு ஏழு குடும்பங்கள் வந்தன. எங்கள் பள்ளியில் விருந்தாளிகளை ஆசிரியர்கள் சுற்றிக் காட்டுவதில்லை, ஒரு குடும்பத்துக்கு ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகும், அதுதான் வழக்கம். மருமகளுக்கு வாய்த்தது எங்கள் ‘வானொலி’. அந்தப் பெண் காலையில் வாயைத் திறந்தால் சாயங்காலம் மணி அடித்தால்தான் மூடுவாள். அவளிடம் போய் மருமகள் மாட்டினாளே என்று எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, ஒரு வகுப்புத் தூரம் விட்டுப் பின்னாலேயே காதைத் தீட்டிக்கொண்டு போனேன். நான் எழுதிக் கொடுத்ததில் ஒரு வரிகூட அவள் சொல்லவில்லை. வராந்தாவில் மூன்றாவது தூணைக் காட்டி, இது அழுகிற தூண், முதல் வாரம் அழுகை வருகிறவர்கள் இதைக் கட்டிப் பிடித்து அழலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம், பக்கத்தில் மட்டும் உட்கார்ந்திருப்போம், நான் நாலு நாள் அழுதேன் என்றாள். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் ஒரு பெரிய பிள்ளை டப்பா திறந்து கொடுக்கும் என்றாள். ஹார்மோனியத்தின் துணியைத் தூக்கி, இது ஓடாது, சும்மா மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றாள். பெரிய சார் கத்துவார், ஆனால் பயப்பட வேண்டாம், கத்தின அன்றைக்கு அவரே வந்து நம்ம பெஞ்சில் உட்கார்ந்து படம் வரைவார் என்றும் சொன்னாள், இதை நான் எங்கே போய்ச் சொல்ல. மருமகள் சிரிக்கவில்லை, எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பூனைக்குட்டி அம்மாவின் விரலை விடாமல் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தது. வானொலி அதனிடம் பேச்சுக் கொடுக்கவும் இல்லை, பேசு என்று சொல்லவும் இல்லை. அவளுக்குத்தான் அடுத்தவர் பேசத் தேவையே கிடையாதே.

பிறகு எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒண்ணாம் வகுப்பின் வரவேற்புப் பாட்டு. பிள்ளைகள் ஆரம்பித்ததும் எனக்கு ஏதோ இடித்தது. ஒன்று காலை மாற்றி மாற்றி வைக்கிறது, ஒன்று முட்டியை ஒட்டிக்கொண்டு நெளிகிறது, ஒன்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பாடுகிறது. ஒரு அம்மா இதை அபிநயம் என்று நினைத்துக் கைதட்டவும் ஆரம்பித்துவிட்டார். நான் முறைத்துப் பார்த்தேன், நெளிவு கூடியதே தவிரக் குறையவில்லை. அப்போது வானொலி எழுந்து நின்று, அத்தனை பேருக்கும் முன்னால், "சார், பாடலாம்னு சொல்லிடுங்க சார். காலையிலேருந்து ஒருத்தரும் போகலை, ஒண்ணாம் வகுப்பு இனி தாங்காது" என்றாள். பாடக்கூடாது என்றால் போகக்கூடாது என்றுதானே அர்த்தம், பாடாமல் எந்தப் பிள்ளை அந்தக் கதவை நம்பி உள்ளே போகும், இது எனக்குத் தோன்றவே இல்லை பார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. போங்க, பாடுங்க என்றேன். வாய் மூடுவதற்குள் கூடம் காலி. அடுத்த நிமிஷம் முற்றம் முழுக்க வாத்துப் பாட்டு. ஏழு குடும்பங்களும் வராந்தாவுக்கு வந்து வேடிக்கை பார்க்க, நான் தாழ்ப்பாள் சரித்திரத்தைத் திக்கித் திணறிச் சொல்ல, ஃபாதர் தான் சுவரேறியதை மறுபடி நடித்தே காட்ட, பேக்கரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்பில்தான் மருமகள், குழந்தை எங்கே என்றாள். விரல் நுனியில் இருந்த பூனைக்குட்டியைக் காணோம். வானொலி கையை நீட்டிக் காட்டினாள். வரிசையில் அவளும் நின்றிருக்கிறாள், அவள் முறை வந்திருக்கிறது, உள்ளே போய்விட்டாள். கதவு சாத்தியிருக்கிறது, உள்ளேயிருந்து சத்தம் இல்லை. வெளியே பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஒருத்தரும் கதவைத் தட்டவில்லை, பாடு என்று கத்தவில்லை, சும்மா நின்றார்கள். மருமகள் இறங்கி ஓடப் பார்த்தாள், அவளுக்குத் துணையாக வந்திருந்த உன் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை மகளே, என் பள்ளிக்கூடம், ஒரு டஜன் கணக்கு எல்லாம் மறந்துபோய் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நூல் மாதிரி ஒரு குரல் வந்தது. யாரு வீட்டு வாத்து இது, யாரு வீட்டு வாத்து. வரிசை மொத்தமும் ஒரே குரலில், எங்க வீட்டு வாத்துதான், எட்ட நில்லு பாத்து என்றது. பிறகு அதே கேள்வி, இந்தத் தடவை நன்றாகவே கேட்டது. அதே பதில். அப்புறம் அம்மணி வெளியே வருவதாகவே இல்லை, பாடிக்கொண்டே இருக்கிறாள், வரிசையில் பாதி அவசரத்தில் குதிக்கிறது, குதித்துக்கொண்டே பதிலும் பாடுகிறது. நான் அழுதேன், மறைக்கவும் இல்லை. மருமகள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். கடைசியில் குழந்தை வந்ததும் தூக்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு மாமா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் போன் வந்தது, மருமகள்தான். பின்னால் தண்ணீர் விழும் சத்தமும் வாத்துப் பாட்டும் கேட்கிறது. குளியலறைக்குள் போய் அரைமணியாக இதே கேள்வி என்றாள். நீ பதில் பாட வேண்டியதுதானே அம்மா என்றேன். "பாடினேன் மாமா, உங்க பிள்ளையும் பாடினார். ஒத்துக்க மாட்டேங்கறா. ஒருத்தர் ரெண்டு பேர் பாடினா செல்லாதாம், வரிசையா நிறைய பேர் நிக்கணுமாம்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை, உன் அம்மா எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். கடைசியில் மருமகள்தான், "நாளைக்கு எத்தனை மணிக்கு ஆபீஸ் திறப்பீங்க மாமா?" என்று கேட்டாள். எட்டரை என்று சொல்லிவிட்டுப் போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மறுநாள் நான் எட்டு மணிக்கே திறக்கப் போனேன், வாசலில் அவர்கள் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள். பேக்கரிக்காரரும் சொன்ன சொல் தவறவில்லை. அவர் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வர, ஒரு டஜனைத் தாண்டிவிட்டோம், அலுவலகத்துக்கு எழுதிப் போட்டாயிற்று. இதெல்லாம் கேள்விப்பட்டு வெட்கப்பட்டோ என்னவோ நேற்று ‘நாளைக்கு’ தச்சரே தாழ்ப்பாளும் கையுமாக வந்து நின்றார். வானொலி போய், நாளைக்கு வாங்க என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். நானும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இனி உன் அம்மா சொன்னது. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. எதிர் வீட்டில் இருப்பவர் யார் என்றாவது தெரிந்து வைத்துக்கொள். உனக்கு வெட்கமாக இருந்தால் ஒரு கிண்ணம் சர்க்கரை கடன் கேட்டுப் போ, திருப்பிக் கொடுக்கிற சாக்கில் இன்னொரு தடவை போகலாம் என்பது அவள் கணக்கு. கம்பளிச் சட்டைக்கு உன் கை நீளம் கேட்டு மூன்று தடவை ஆகிவிட்டது, இந்த முறை அளந்து எழுதாவிட்டால் என் கை நீளத்துக்கே பின்னிவிடுவாளாம். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்கிற நேரத்துக்கு உன் தம்பி, மருமகள், பூனைக்குட்டி எல்லோரையும் இங்கே வரச் சொல்லியிருக்கிறேன். எடுத்ததும் ஹலோ சொல்லாதே, முதல் வரியை நீ பாடு. இங்கே நாங்கள் வரிசையாக நிற்போம்.

நோய் நொடி இல்லாமல், மனது நிறைந்து, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

உன் அன்பு அப்பா
(அம்மாவும் பக்கத்தில்தான் இருக்கிறாள், கை நீளம், கை நீளம் என்கிறாள்)