அழாதே என்று சொல்ல ஆளில்லை

அக்கா,

காலையில் கட்சியின் கிளைச் செயலாளர் ஒரு கட்டுக் கறுப்புத் துணியை என் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். புதுத் துணியின் கஞ்சி வாடை மூக்கில் ஏறியதும் நீ என் கண்முன் வந்து நின்றுவிட்டாய். எங்கோ விமானம் குண்டு போட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செத்துப்போனார்களாம். நாளைக்குக் கடைத்தெருவில் ஒப்பாரிப் போராட்டமாம்.

அன்றைக்கும் இப்படித்தான். கட்சிக்கு ஆகாத நாடு குண்டு போட்டது. நடவு வயலிலிருந்த நம்மைக் கரையேற்றி, இதே மாதிரி கறுப்புத் துணி கொடுத்து லாரியில் கூட்டிப்போனார்கள். தெருவில் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு, நீ பாட்டெடுக்க நாங்கள் மாரடித்து அழுதோம். மேடையில் இருந்தவர்களே கண்ணைத் துடைத்தார்கள்.

அறுவடை முடிவதற்குள் கட்சிக்கு வேண்டிய நாடு ஒரு ஆஸ்பத்திரியைத் தரைமட்டமாக்கியது. நீ பெண்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பினாய். அப்போதைய செயலாளர் வழியை மறித்தார்.

"இது வேற விசயம்மா. அங்க தீவிரவாதி ஒளிஞ்சிருந்தான். போயி அழுது வைக்காதீங்க."

"தொட்டில்ல கெடந்த புள்ளயும் தீவிரவாதியா? நல்லாருக்கு உங்க நியாயம்!"

உன் மனைப்பட்டா அவர் சிபாரிசில்தான் நகர்ந்துகொண்டிருந்தது. அதைச் சாடையாக ஞாபகப்படுத்தினார். "வேணாங்க்கா, மனை போயிடும்" என்று உன் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீ அவரைப் பார்த்தே சொன்னாய்:

"மிராசுதார் வீட்டுல எழவு விழுந்தா நாங்க போயி அழுதே ஆவணும்னு இருந்துச்சு. மாட்டோம்னு நின்னு, அடிபட்டு அத ஒழிச்சோம். எங்கள அழுன்னு சொல்லவும் ஆளு கெடையாது, அழாதேன்னு சொல்லவும் ஆளு கெடையாது. வழிய விடுங்க."

லாரி இல்லை, மைக் இல்லை. அதே கடைத்தெருவில் போய் உட்கார்ந்தோம். போலீஸ் வந்து எழுப்பும்வரை அழுதோம்.

பட்டா வரவே இல்லை. வாய்க்கால் புறம்போக்குக் குடிசையிலேயே உன் உயிர் போனது. கட்சிக்காரப் பாவிகள், அதற்கும் மாலையோடு வந்து நின்றார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

சற்றுமுன் செயலாளர் மறுபடி வந்தார். எத்தனை பேர் வருவோம் என்று கேட்டார்.

"எல்லாரும் வர்றோம் தம்பி. போன மாசம் உங்களுக்கு வேண்டியவங்க போட்ட குண்டுல செத்த புள்ளைங்களுக்கும் சேத்துத்தான் அழுவோம்."

அவர் முகம் சுண்டிவிட்டது. "அதெல்லாம் இப்ப எதுக்குங்க? அப்படின்னா நீங்க வரவே வேணாம்" என்று வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

போகட்டும். நாளைக்கு நடந்தே போகிறோம். இந்தத் தடவை பாட்டெடுப்பது நான்தான். உன் ஒப்பாரி முழுக்க எனக்கு மனப்பாடம், அக்கா. அதில் எந்த நாட்டின் பேரும் கிடையாது.